பயம் தெரியாத அக்கா

கிள்ளானில் நான் இரண்டரை வருடம் குடியிருந்த வீட்டில், பயப்படுகிற வேலை முழுவதையும் நான்தான் பார்த்துவந்தேன். வீட்டுக்கார அக்காவுக்கு அது வராது. சிலருக்கு வாசனை தெரியாது, சிலருக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்பார்களே, அதுபோல அக்காவிடம் பயம் என்ற ஒன்று மட்டும் இல்லை. இதைப் பாராட்டாகச் சொல்கிறேனா, குறையாகச் சொல்கிறேனா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை.

மலேசியாவிலேயே வடக்கே உள்ள பேராக்கிலிருந்து வேலைக்காக வந்தவள் நான். துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஆபீசில் டைப்பிஸ்ட். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் அறை காலியாக இருக்கிறது, வீட்டில் ஆண்கள் கிடையாது, விதவை அக்கா ஒருவர்தான் என்று ஆபீசில் சொன்னார்கள். பெட்டியோடு போய் நின்றேன். ஐம்பது வயதிருக்கும் அக்கா கைலியும் வெள்ளை ரவிக்கையுமாகக் கதவைத் திறந்தார். வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு குருவி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதை விடாமலே இடது கையால் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"சாப்ட்டியாம்மா? குளிச்சிட்டு வா, சோறு இருக்கு."

பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. மழை பிடிப்பதற்கு முன் தகரக் கூரையில் நாலைந்து துளி விழுமே, அந்தச் சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. குளித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரை கூண்டுகள். உள்ளே கட்டைவிரல் அளவு தினைக்குருவிகள் நூற்றுக்கணக்கில். சிவப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த ஆண் குருவிகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். யாரோ ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்த மாதிரி இருந்தன.

அவை மெட்ராசிலிருந்து கப்பலில் வருபவை. வயல்காட்டில் வலை போட்டுப் பிடித்து, ஒரு சாண்கூட உயரமில்லாத மூங்கில் கூடைகளில் அடைத்து அனுப்புவார்கள். கூடை ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று கேட்டேன்.

"உயரமா இருந்தா பறந்து பறந்து முட்டிக்கும். இதுன்னா பறக்கவே முடியாது பாரு, அமைதியா வரும்" என்றார் அக்கா.

காலையில் முதல் வேலையாக, செத்தவற்றை ஒரு மைலோ டின்னில் பொறுக்கிப் போடுவார். டின் நிறைந்துவிடும் நாட்களும் உண்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "பத்துல ரெண்டு மூணு போவும்மா. அதுக்குத்தான் பத்து." அந்தக் குரலில் கொடுமை ஏதும் இல்லை. கீரை ஆய்ந்தால் தண்டு போகும் என்கிற மாதிரிதான் சொன்னார்.

மிச்சமிருப்பவை பிரிக்பீல்ட்சிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள கடைகளுக்குப் போகும். சீனர்கள் கோயிலில் புண்ணியத்துக்காகத் திறந்துவிடவும் வாங்குவார்கள். துணி போர்த்திய கூடையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பஸ்ஸிலேயே போய்க் கொடுத்துவிட்டு வருவார். துறைமுகத்தில் வேலை செய்த அவர் புருஷன் இருந்த காலத்தில் தொடங்கிய தொழில். பெர்மிட் உண்டு, எல்லாம் முறைப்படிதான். நான் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது.

அக்கா எப்படிப்பட்டவர் என்பதை அந்தப் பாம்பு வந்த அன்றுதான் புரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தினை மூட்டைக்குள் கருநாகம் ஒன்று புகுந்திருந்தது. அளக்கக் கை விடப் போன அக்கா, கையை எடுத்தார். மூட்டையின் வாயை முறுக்கினார். கொடிக்கயிற்றை அறுத்து மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். அந்தச் சாக்கை இழுத்துவந்து சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, தலைவாரத் தொடங்கினார்.

"என்னாக்கா அது உள்ள?"

"பாம்பு லா. கோயிலுக்கு நேரமாச்சு. வந்து பொம்பாக்காரங்களுக்குப் போன் பண்றேன். நீ சாம்பார் மட்டும் வச்சிடு."

"பாம்பு இருக்கற இடத்துலயாக்கா?"

"கட்டியிருக்குல்ல. ஒன்னும் ஆவாது."

அக்கா திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை நான் மேசைமேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தச் சாக்கையே பார்த்திருந்தேன். அது அவ்வப்போது புரண்டது. பொம்பாக்காரர்களின் தீயணைப்பு வண்டி வந்து பாம்பைப் பிடித்துப் போனதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, சாம்பார் ஏன் வைக்கவில்லை என்பதுதான்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு டெங்கு கண்டது. நூற்றுநான்கு காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தவளை அக்காதான் டாக்சியில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒன்பது நாள் என் கட்டிலுக்கு அருகிலேயே நாற்காலியில் கிடந்தார். பக்கத்துக் கட்டில் பெண் இறந்துபோன இரவு, நான் அழுது நடுங்கியபோது என் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "அது வேற கேஸ். உனக்கு ஒன்னும் ஆவாது" என்றார். அப்போது அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பிழைத்தேன் என்று சொல்வேன். அதனால்தான் பிறகு அவர் எதைக் கேட்டாலும் என்னால் மறுக்க முடியாமல் போனது.

இந்தியாவில் காட்டுப் பறவைகளை ஏற்றுமதி செய்யக்கூடாதென்று சட்டம் வந்தது. மெட்ராஸ் கூடைகள் நின்றன. கொஞ்ச நாளில் இங்கேயும் கெடுபிடி தொடங்கியது. கோழிகளுக்குப் பரவும் நோய் ஒன்றைக் காரணம் காட்டி, பண்ணையில் வளர்த்ததென்ற அத்தாட்சி இல்லாத குருவிகளை இறக்கத் தடை போட்டார்கள். கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பின்கட்டின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

ஒரு மாலை, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சத்தம் காதில் விழுந்தது. பழையபடி, நெருக்கமாக. சுமத்ராவிலிருந்து படகில் வந்த ஜாவா குருவிகளும், பிப்பிட் என்கிற அந்த ஊர்த் தினைக்குருவிகளும் என்று அக்கா சொன்னார். பருத்த சிவப்பு அலகோடு ஜாவா குருவிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

"அத்தாட்சி?" என்றேன்.

"அதுக்குத்தான் உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு லெட்டர் அடிச்சிக் குடும்மா. அங்க ஒரு பண்ணையில வளத்ததுன்னு. பேரு நீயே நல்லதா ஒன்னு வையி."

"அப்படி ஒரு பண்ணை இருக்காக்கா?"

"இல்ல."

"மாட்டிக்கிட்டா?"

"யாரு போய்ப் பாக்கப் போறா? ஒன்னும் ஆவாது."

அடித்துக் கொடுத்தேன். மறுநாள் மதியம், ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, வெள்ளைத்தாளில். இல்லாத பண்ணைக்கு நான் வைத்த பெயர் அழகாகவே இருந்தது. அடுத்த மாதம் இன்னொன்று அடித்தேன். அதற்குப் பிறகு ஆபீசில் போன் மணி அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். சீருடையில் யார் படியேறினாலும், தபால்காரனாக இருந்தாலும், எழுந்து கழிவறைக்குப் போய்விடுவேன். அக்காவோ நிம்மதியாகச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார். பலகைச் சுவருக்கு அப்பால் அவருடைய குறட்டையைக் கேட்டபடி, அவர் பங்குக்கும் சேர்த்து நான் விழித்துக் கிடந்தேன்.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடித்து வந்தபோது வாசலில் அரசாங்க ஜீப் நின்றிருந்தது. கூடத்தில் வனவிலங்கு இலாகா அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தமிழர், நாற்பது வயதிருக்கும், மரியாதையான முகம். மலாய்க்கார உதவியாளர் பின்கட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். அங்கே நாலைந்து கேனரிகளும் ஒரு ஜோடி லவ் பேர்ட்சும் மட்டுமே இருந்தன போலும். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அங்கே நானூறு குருவிகளாவது இருந்தன.

அக்கா தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். "வா, வா. சார் சும்மா பாக்க வந்திருக்காங்க."

"இந்த அஞ்சாறு குருவிக்கா அக்கா இவ்வளவு தினை?" என்றார் அதிகாரி, மூலையிலிருந்த மூட்டைகளைப் பார்த்து.

"மலிவா கிடைச்சுது சார்."

அவர் எழுந்து நடந்தார். அக்காவின் அறையைப் பார்த்தார். பிறகு என் அறைக்கு முன்னால் நின்றார். "இது?"

"இந்தப் பிள்ளையோட ரூம். சாவி அவகிட்டதான்" என்றார் அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கதவைப் பார்த்தேன். கதவுக்கு அடியில், வாசற்படி ஓரமாக, தினை உமி சிதறிக் கிடந்தது. காலையில் நான் பெருக்கிவிட்டுப் போன இடம். சோதனைக்கு வருகிறார்கள் என்று யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்; என்னைக் கேட்காமலே, அவரிடம் இருந்த இன்னொரு சாவியால் திறந்து, அத்தனையையும் என் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

இருட்டில் வைத்தால் குருவிகள் சத்தம் போடாது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, ஒரே ஒன்று, மெல்ல 'டிச்' என்றது. அந்த நொடியிலிருந்து அக்கா தேநீர்க் கிளாசில் கரண்டியை விட்டுச் சுற்றத் தொடங்கினார். க்ளிங், க்ளிங், க்ளிங். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"திறங்க தங்கச்சி" என்றார் அதிகாரி.

"சார், உள்ள… என்னோட துணியெல்லாம் காயப் போட்டிருக்கேன். வீட்டுல பொம்பளைங்க மட்டும்தானேன்னு…"

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல குடும்பத்து மனிதர். கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் பெயரும் நம்பரும் போட்ட அட்டையைக் கூடத்து மேசையில் வைத்தார். அக்காவிடம் பேசுவது போல, ஆனால் என்னைப் பார்த்து, "ஏதாச்சும் சொல்லணும்னு தோணுச்சின்னா போன் பண்ணுங்க" என்றார்.

ஜீப் போனபிறகுதான் கதவைத் திறந்தேன். ஜன்னல் அடைத்து, போர்வை போட்டு மூடியிருந்தது. தகரக் கூரையின் மத்தியான வெக்கை முகத்தில் அறைந்தது. கட்டிலுக்கு அடியில் கூடைகள், அலமாரியில் என் சேலைகளுக்கு நடுவே கூடைகள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து என் கட்டிலின்மேல் வைத்துத் திறந்தார். உயிரோடிருந்தவை அலகைப் பிளந்துகொண்டு கிடந்தன. மற்றவை ஒன்றோடொன்று ஒட்டி, இறகு நனைந்து, ஒரே துணி மாதிரி இருந்தன. பாதிக்குமேல் போய்விட்டிருந்தன. சத்தம் வராமல் இருந்ததற்கு இருட்டு மட்டும் காரணமில்லை.

நான் கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன். அக்கா வந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"ஒன்னும் ஆவல, பாத்தியா? எவ்ளோ சமத்தா பேசின" என்றார்.

எனக்கு அவர்மேல் முதன்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். போலீஸ், ஜெயில், வேலை போவது என்று நான் பயந்ததெல்லாம் வெளியில் இருந்தது. இது என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, வருகிற வெள்ளிக்கிழமை பெரிய படகு வருகிறது என்றார். வெள்ளைத்தாள் இனிமேல் சரிப்படாதாம். "உங்க ஆபீஸ் பேரு போட்ட தாளு இருக்குல்ல, அதுல அடிச்சிக் குடு. உங்க முதலாளி கையெழுத்து மாதிரி நானே ஆள வச்சிப் போட்டுக்கறேன்."

"சரிக்கா" என்றேன்.

இதை மறைக்க விரும்பவில்லை. முடியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காட்டிக்கொடுக்க மட்டும் இருந்தது. மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். படகு எந்தப் படித்துறைக்கு, எத்தனை மணிக்கு வருகிறது என்று சொன்னேன். பழைய இரண்டு கடிதங்களும் நான் அடித்தவை என்பதை மட்டும் சொல்லவில்லை. புதுக் கடிதத்தைச் சனிக்கிழமை தருவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு, அடிக்காமலே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் படித்துறையில் வைத்துப் பிடித்தார்கள். அக்கா ஓடவில்லை, ஒளியவில்லை. ஜீப்பில் ஏறும்போது குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டாராம். அன்று மாலை, நான் கொடுத்திருந்த ஆபீஸ் நம்பருக்கு அதிகாரி போன் செய்தார்.

"குருவிங்களை என்னா சார் செய்வீங்க? விட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

"விட முடியாது தங்கச்சி. நோய் இருக்கான்னு தெரியாது. திருப்பி அனுப்பினாலும் அவங்க எடுக்க மாட்டாங்க. வைக்கவும் இடமில்ல."

"அப்போ?"

"முடிச்சாச்சு" என்றார்.

எத்தனை குருவிகள் என்று நான் கேட்கவில்லை.

அக்காவை ஜாமீனில் விட்டார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உலை வைத்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பின்கட்டைக் கழுவிவிட்டார். அடுத்த நாட்களில் அந்த வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. கரண்டி கீழே விழுந்தாலும் நான் துள்ளி எழுந்தேன். அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா? எதிரே உட்கார்ந்து எனக்குக் குழம்பு ஊற்றும்போதெல்லாம் அவர் கண்ணைப் பார்ப்பேன். அதில் எப்போதும் இருப்பதுதான் இருந்தது.

வாக்குமூலத்துக்காக இரண்டு பேரையும் கோலாலம்பூருக்கு வரச் சொன்னார்கள். அதே அதிகாரி. மேசைமேல் கோப்பு, அதில் நான் அடித்த இரண்டு கடிதங்கள். என்னைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அக்காவை விசாரித்தார். படகைப் பற்றி, கடைகளைப் பற்றிக் கேட்டார். அக்கா ஒளிக்காமல் சொன்னார். பிறகு அதிகாரி கடிதங்களை எடுத்துப் போட்டார்.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தான் சார்."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா அக்கா?"

"தெரியாது. பாத்துப் பாத்து அடிச்சேன்."

அதிகாரி பக்கத்து மேசையிலிருந்த டைப்ரைட்டரைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார். தாளைச் செருகினார். கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, "ஒரு வரி அடிங்க" என்றார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆட்காட்டி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுத்துகளின்மேல் தேடினார். முதல் எழுத்து விழ ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். டக். மறுபடி கடிதத்தைப் பார்த்தார், மறுபடி தேடினார். டக். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து நின்று, "சார், அது நான்" என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். அடுத்த எழுத்து விழட்டும், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அது விழுந்ததும், அதற்கு அடுத்தது விழட்டும் என்று காத்திருந்தேன். இப்படியே ஒரு வார்த்தை முடிந்தது.

அதிகாரி தாளை உருவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படகைப் பற்றிப் போன் செய்தது யார் என்று அவருக்கு முன்பே தெரியும். கடிதம் அடித்தது யார் என்பதும் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. பேனாவை எடுத்து, கடிதங்களைத் தானே அடித்ததாக அக்கா ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார். என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வழக்கு முடிந்து அக்கா அபராதம் கட்டியதும், கிள்ளான் வீட்டை விட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்சில் தங்கையோடு போய் இருந்ததும், மறுபடி குருவி வாங்கவே இல்லை என்பதும் பிறர் சொல்லி நான் கேட்டவை. நேரில் பார்த்தது அன்றோடு சரி.

அன்று விசாரணை முடிந்து, புடு ராயா பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னலோரம் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனார். பெட்டாலிங் ஜெயா தாண்டும்போது அவர் தலை என் தோளில் சாய்ந்தது. கனமான தலை. தேங்காயெண்ணெய் வாசனை. கிள்ளான் வரை நான் அசையவில்லை. 'காட்டிக்கொடுத்தது நான் என்று தெரிந்துதான் செய்தாரா, தெரியாமல் செய்தாரா' என்ற ஒரே கேள்வி தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. தெரியாமல் காப்பாற்றியிருந்தால் என்னால் தாங்க முடியாது. தெரிந்தே காப்பாற்றியிருந்தால் அதைவிடத் தாங்க முடியாது. அந்த வீட்டுக்குப் போய், அந்த மேசையில் உட்கார்ந்து, அவர் ஊற்றும் குழம்பைச் சாப்பிட வேண்டும்.

கிள்ளான் பஸ் நிலையம் வந்ததும் கண்விழித்தார். "எறங்கு, எறங்கு" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தோடு முன்னால் போய் இறங்கினார். நான் எழுந்தேன். இரண்டடி வைத்தேன். பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். பஸ் துறைமுகம் வரை போகும். என் பெட்டியை என் அண்ணன் அடுத்த வாரம் வந்து எடுத்துப் போனான்.

பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா நடைபாதையில் நின்று, இறங்கி நடக்கிறவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் இங்கேயும் திரும்பினார். இரண்டு எட்டு ஓடிப் போனார், திரும்பி ஓடி வந்தார். யாரையோ தோளைத் தொட்டு நிறுத்திக் கேட்டார். அவர் முகம் வெளுத்துப்போய், வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் பஸ் பக்கம் திரும்புவதற்குள் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.